மலைநாட்டுப் பூவும் எங்கள் கைராசியும்

நுவரெலியாவுக்குப் போய் வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. லீக்ஸ், கரட் பைகளோடு ஒரு பூக்கன்றும் பஸ்ஸில் ஏறிவிடும். அவ்வாறு மட்டக்களப்புக்கு வந்து சேர்கின்ற கன்றுகளில் ஒன்றுதான் ஹைட்ரேஞ்சியா. நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் பந்து போலத் திரண்டு பூக்கும் அழகிய செடி.

எமது மகளிர் சங்கத்தில் இருக்கும் தங்கை ஒருவரும் இதனை வாங்கி வந்தார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். வளவுக்குள் பூக்கன்று வைத்து விற்றே மகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தவர். வாங்கிய மாதத்தில் செடி நிறையப் பூ இருந்தது. பின்னர் இலை மட்டுமே தழைத்தது; மறு வருடமும் பூக்கவில்லை. “தாலி இழந்தவள்ற கை பட்டால் பூக்குமா?” என்று அயலில் கதைத்திருக்கிறார்கள். “என்ட கையில ராசி இல்லயாம் அக்கா. இனிக் கன்று வைக்கமாட்டன்” என்று என்னிடம் வந்து அழுதார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சகோதரிகளே, அந்தச் செடி பூக்காததற்குக் காரணம் எங்கள் ஊரின் இரவுச் சூடு. யப்பானைப் பிறப்பிடமாகக் கொண்ட ஹைட்ரேஞ்சியா மொட்டுக் கட்டுவதற்குச் சுமார் ஆறு வாரங்களாவது இரவு வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே உள்ளது. அங்கே அந்தக் குளிர் தாராளமாகக் கிடைக்கிறது. மட்டக்களப்பில் மார்கழி, தை மாதங்களில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கன்று மலையிலேயே மொட்டுக் கட்டி வந்ததால் முதல் தடவை இங்கு பூத்தது. யார் தண்ணீர் ஊற்றினாலும் அடுத்த பூ வருவது கடினம்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. தேயிலை வளரும் மலைமண் புளிப்புத் தன்மை கொண்டது. அம்மண்ணில் உள்ள அலுமினியத்தைச் செடி உறிஞ்சுவதால் பூ நீலமாகிறது. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். வெள்ளை இனம் மட்டும் பெரிதாக மாறாது.

இதன் அகன்ற இலைகள் நிறையத் தண்ணீர் கேட்கும். எங்களது கச்சான் காற்றில் நண்பகலிலேயே வாடிவிடும். வாவிக்கரையிலும் கடற்கரையிலும் உள்ள உவர்க் கிணற்று நீர் பட்டால் இலையோரம் கருகும். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகள் உவரானதைக் கண்ட எமக்கு இது புதிதல்ல.

ஏற்கனவே வைத்திருப்பவர்கள் அதனைச் சாடியில் வையுங்கள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் போதும். இலைமக்கு, தும்புத்தூள், மக்கிய மாட்டெரு கலந்த மண் நல்லது. மாரியில் பிடித்து வைத்த மழைநீரை ஊற்றலாம். இலையிலும் பூவிலும் நஞ்சு இருப்பதால் ஆடும் சிறுபிள்ளைகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஆனால் சங்கத்தில் கடன் எடுத்து, விற்பனைக்கென்று இதனை வாங்க வேண்டாம்.

எங்கள் மணலுக்கு ஏற்ற பூக்கள் பல இருக்கின்றன. போகன்விலா வெயிலையும் ஓரளவு உவரையும் தாங்கும். நித்தியகல்யாணிக்குத் தண்ணீர் குறைவாகவே தேவை. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் கோயில் பூசைக்கும் உதவும். பந்து போன்ற பூத்தான் வேண்டுமென்றால் எக்ஸோரா இருக்கிறது. அதன் இலை மஞ்சளித்தால் இலைமக்கும் மாட்டெருவும் போடுங்கள்.

போகன்விலா, செவ்வரத்தை, எக்ஸோரா ஆகியவற்றைத் தடியிலிருந்தே உண்டாக்கலாம். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் முற்றிய தடியை வெட்டுங்கள். கீழ் இலைகளைக் களைந்து, மணலும் மக்கிய எருவும் நிரப்பிய பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். பையின் அடியில் துளையிட மறக்க வேண்டாம். ஈரம் காயாமல் பார்த்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். காசு கொடுத்துக் கன்று வாங்கத் தேவையில்லை. அயல் வீட்டு வேலியில் ஒரு தடி கேட்டால் போதும்.

கணவர் இல்லாத பெண் கோயிலுக்குப் பூக் கொடுக்கலாமா, கன்று நடலாமா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். யார் நட்டது என்று வேருக்குத் தெரியாது. மண், நீர், நிழல், இரவுக் குளிர் இவைதான் அதற்குத் தெரியும். ஐப்பசி மழை தொடங்குமுன் பைகளை நிரப்பி வையுங்கள். கன்று வைப்பதை விட்டுவிட்ட சகோதரி உங்கள் அயலில் இருந்தால், நாலு தடிகளை அவர் கையிலும் கொடுங்கள்.