உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குள் கவரேஜ் இல்லையா?

விறாந்தையில் நின்றால் நான்கு கோடு. குசினிக்குள் போனால் ஒன்றுமில்லை. ‘சிக்னல் பூஸ்டர்’ ஒன்று வாங்கிப் பூட்டலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சில தகவல்கள்.

● தெற்காசியாவின் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையில்தான் தொடங்கியது. நடத்தியது செல்டெல் நிறுவனம். யாழ்ப்பாணத்தவர் கையில் போனோடு நடப்பதற்கோ 2002இல் போர்நிறுத்தம் வரவேண்டியிருந்தது.

● போனில் தெரியும் கோடுகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. எந்தப் பலத்துக்கு எத்தனை கோடு என்பதை அந்தந்த போன் கொம்பனியே முடிவு செய்கிறது. உண்மையான கணக்கு ‘டிபிஎம்’ என்ற எண்ணில் இருக்கிறது. பல ஆன்ட்ராய்ட் போன்களில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் அதைப் பார்க்கலாம். 4ஜியில் -80 என்றால் நல்ல பலம். -110 என்றால் பேச்சு அறுந்தறுந்து வரும். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

● குடாநாட்டில் சிக்னலை மறைக்க மலை இல்லை. மறிப்பது பெரும்பாலும் நம் வீடுதான். ஓட்டுக் கூரையை அலை ஓரளவு கடந்து வரும். தகரக் கூரை திருப்பி அனுப்பிவிடும். கம்பி கட்டிய கொங்கிறீற் கூரையும் தடித்த சுவர்களும் பலத்தைக் குறைக்கும். மழையில் நனைந்த மாமரங்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் உறிஞ்சும்.

● அதிர்வெண் குறைந்த அலைக்குச் சுவரைத் துளைக்கும் திறன் கூட. 900 மெகாஹெர்ட்ஸ் அலை நுழையும் அறைக்குள் 1800உம் 2100உம் திணறும். முற்றத்தில் 4ஜி காட்டும் போன் அறைக்குள் 2ஜிக்கு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● பூஸ்டர் சிக்னலை உண்டாக்குவதில்லை. கூரையில் ஒரு அன்ரனா, நடுவில் ஒரு பெருக்கி, வீட்டுக்குள் இன்னோர் அன்ரனா, அவ்வளவுதான். வெளியே கிடைப்பதைப் பெருக்கி உள்ளே தரும். கூரையிலேயே கவரேஜ் இல்லையென்றால் பெருக்க எதுவும் இல்லை. போனின் முதுகில் ஒட்டும் ‘சிக்னல் ஸ்டிக்கர்’ வீண்செலவு.

● ஒருகாலத்தில் தூரதர்ஷன் பார்க்க நம் கூரைகளில் உயர்ந்து நின்ற மீன்முள் அன்ரனாவுக்கு ‘யாகி’ என்று பெயர். 1926இல் ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் உருவாக்கியது. பல பூஸ்டர்களின் வெளி அன்ரனாவும் இதே வகைதான். ரவர் இருக்கும் திசையை நேராகப் பார்க்காவிட்டால் பயனில்லை.

● உள் அன்ரனாவும் வெளி அன்ரனாவும் கிட்டக்கிட்ட இருந்தால், பெருக்கியதையே மீண்டும் பெருக்கிப் பூஸ்டர் ஊளையிடத் தொடங்கும். அந்த இரைச்சல் ரவரைப் போய்ச் சேரும்போது, உங்கள் வீட்டுக்காகப் பூட்டியது அயலட்டைக் கவரேஜையே கெடுத்துவிடும்.

● இதனால்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி, வானலை வெளியிடும் கருவியை உரிமமின்றிப் பயன்படுத்த முடியாது. பிரித்தானியாவில் குறித்த தரமுள்ள வீட்டுப் பூஸ்டர்களுக்கு மட்டும் 2018இல் உரிமவிலக்குக் கிடைத்தது. லண்டனிலிருந்து வரும் உறவினரின் சூட்கேசில் பூஸ்டர் வரலாம்; அந்த விலக்கு கூட வராது.

● வடகடலோரத்திலும் நெடுந்தீவிலும் சிலவேளை போன் இந்திய வலையமைப்பைக் காட்டும். வெப்பமான அமைதியான நாட்களில் கடலுக்கு மேலுள்ள காற்றுப் படைகள் அலையை வளைத்துத் தூரத்துக்குக் கொண்டுவரும். ஆனால் வழக்கமான 2ஜி ரவர் ஒன்று 35 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள போனோடு பேசாது. நேரக் கணக்கு பிசகிவிடும். பெயர் தெரிந்தும் அழைப்புப் போகாததற்கு இது ஒரு காரணம். ரோமிங் கட்டணம் விழாமலிருக்க, வலையமைப்புத் தெரிவைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தையே தெரிவு செய்து வையுங்கள்.

● சிக்னல் குறையக் குறைய போன் கூடுதல் வலுவோடு கத்தும். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியில் அது 2 வாட் வரை போகும்; 4ஜியில் பொதுவாக 0.2 வாட்தான் உச்சம். கவரேஜ் குறைந்த வீட்டில் பற்றரி சீக்கிரம் இறங்குவது இதனால்தான்.

● வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் பூஸ்டரே தேவைப்படாமல் போகலாம். ‘வைஃபை காலிங்’ வசதி உள்ள போனில், உங்கள் சிம் நிறுவனமும் அதைத் தந்தால், அழைப்பு ரவருக்குப் பதிலாக றவுட்டர் வழியே போகும். இலக்கம் மாறாது, தனிச் செயலி வேண்டாம். ஆனால் மின்சாரம் நின்றால் றவுட்டரும் நின்றுவிடும். அதற்கென ஒரு சிறு பற்றரி வைத்துக்கொள்வது நல்லது.

பூஸ்டருக்குக் காசு கொடுக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். கூரையிலும் அறையிலும் டிபிஎம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பாருங்கள். பிறகு அந்த எண்களோடு உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். மாதாமாதம் கட்டணம் செலுத்துபவருக்குக் கவரேஜ் கேட்கும் உரிமை உண்டு.