கப்பலில் இரண்டாம் பந்தி... குழந்தைக்கு முதல் பந்தி!

"அக்கா, கப்பல்ல எல்லாமே இருந்துச்சு. எங்க பாப்பாவுக்குப் பசிக்கிற நேரம் மட்டும்தான் அவங்க டயத்துல இல்லே!"

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் சொன்னது இது. கணவர், மூன்றரை வயதுப் பையன், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை என்று நாலு பேரும் 2025 ஜூலையில் சென்னையில் கப்பல் ஏறினார்கள். அங்கிருந்து விசாகப்பட்டினம், பிறகு நம்ம புதுச்சேரி, கடைசியில் மறுபடி சென்னை. சொந்த ஊரைக் கடல் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

பயணிகள் கப்பல் புதுவைக்கு வருவதே பெரிய கதை. 2022 ஜூனில் வந்த கப்பலுக்கு, 'அதில் சூதாட்டம் இருக்கிறது' என்று எதிர்ப்பு கிளம்பி, அனுமதி கிடைக்காமல் போனது. மூன்று வருஷம் கழித்து 2025 ஜூலை 4-ம் தேதி விசாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்தே விட்டது. கரையை ஒட்டி நிற்க ஆழம் போதாது என்பதால் கடலிலேயே நங்கூரம் போட்டு, ஆட்களைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர்களும் இப்படித்தான் படகில் போய் ஏறினார்கள் என்பது இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரிய கப்பல்களில் ராத்திரி சாப்பாடு பெரும்பாலும் கல்யாண வீடு மாதிரிதான். முதல் பந்தி, இரண்டாம் பந்தி! டிக்கெட் எடுக்கும்போதோ, ஏறியவுடனோ எந்தப் பந்தி என்று குறித்துவிடுவார்கள். இவர்களுக்கு வந்தது இரண்டாம் பந்தி. "பரவாயில்லே, கச்சேரியெல்லாம் பார்த்துட்டு நிதானமா சாப்பிடலாம்" என்று கணவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஏழு மணிக்குப் பருப்பு சாதம் சாப்பிட்டு எட்டரைக்குத் தூங்குகிற குழந்தைகள். ஏழரைக்கே பையன் சிணுங்க ஆரம்பித்தான். அழுகையை அடக்க ஒரு ஐஸ்கிரீம், ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல், அதற்கு மேல் ஒரு கலர் ஜூஸ். ஒன்பதரைக்கு மேஜையில் உட்கார்ந்தபோது பாப்பா மடியில் தூங்கிவிட்டாள், வெறும் வயிற்றோடு. பையன் சாதத்தைத் தொடவே இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு வாந்தி. விடிவதற்குள் நாலு தடவை.

சுற்றிலும் கடல். அவசரத்துக்கு ஆட்டோ பிடித்து டாக்டர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. "அந்த ஒரு ராத்திரி எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள்.

கப்பல் டாக்டர் பார்த்துவிட்டு, கடல் ஆட்டமும் கண்டதைத் தின்றதும் சேர்ந்த கோளாறு என்றார். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். மத்தியானம் பையன் தயிர் சாதம் கேட்டான்.

இதில் கப்பலைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. குழந்தையின் வயிற்றுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைப் பெரியவர்களின் பந்திக்காக ஒத்திப்போட்டதுதான் தப்பு. மறுநாளிலிருந்து அவள் ஏற்பாட்டை மாற்றினாள். ஆறரை மணிக்கே பஃபே ஹாலில் இட்லியோ, குழைத்த சாதமோ கொடுத்து முடித்துவிட வேண்டியது. பிறகு பெரியவர்கள் சாப்பிடும்போது பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு பழத்தைக் கடித்துக்கொண்டிருக்கலாம், இல்லை தூங்கலாம். டைனிங் ஹால் அவர்களுக்கு வேடிக்கை பார்க்கிற இடம், பசியாறுகிற இடம் இல்லை. 'முதல் பந்திக்கு மாற்றித் தருவீர்களா?' என்று ஏறியவுடனேயே கேட்பது இன்னும் நல்லது. இடமிருந்தால் மாற்றித் தருவார்கள். குழந்தை நாற்காலி வேண்டும், காரமில்லாமல் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள், காசு கொடுத்துத்தானே போகிறோம்!

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். கப்பலின் மேல்தளம்தான் அதிகம் ஆடும். பஃபே ஹால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அலை அதிகமான நாளில் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இடம் தேடுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் கடல் மயக்கம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குத் 'தலை சுத்துது' என்று சொல்லத் தெரியாது. முகம் வெளுக்கும், கொட்டாவி விடும், பிடித்த பண்டத்தையே தள்ளிவிடும். அப்போது ஊட்டக் கூடாது. காற்றுப்படுகிற இடத்துக்குத் தூக்கிப் போய், தூரத்து அடிவானத்தைக் காட்டுங்கள். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, முட்டவும் கூடாது. வாந்தி மாத்திரையை இரண்டு வயதுக்குக் கீழே நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். பெரிய பிள்ளைக்கும் புறப்படும் முன்பே குடும்ப டாக்டரிடம் கேட்டு, எடைக்குத் தகுந்த அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். இதை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் நமக்காக எழுதாது. நாம் குழந்தைக்குக் கையால் பிசைந்து ஊட்டுகிறவர்கள். பஃபேயில் நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்த அதே கரண்டியைப் பிடித்துச் சாதம் எடுத்துவந்து, அதே கையால் பிசைகிறோம். கப்பல்களில் கூட்டமாக வாந்தி பேதி பரவுவதற்குப் பேர்போன நோரோ வைரஸுக்கு இந்த வழியே போதும். வாசலில் கையில் பீச்சுகிற சானிடைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் கதி. ஆகவே தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஒருவர் காவல் இருக்க, மற்றவர் போய் இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பிசையுங்கள். சிரமம்தான். ஸ்பூனால் ஊட்டப் பழக்கியிருந்தால் அந்த நாலு நாளைக்கு அதுவே மேல்.

எதை எடுப்பது? ஆவி பறக்கிற பாத்திரத்திலிருந்து எடுங்கள். ஆறிக் கிடக்கிற பாஸ்தா, நறுக்கி வெகுநேரமான பழம், மயோனைஸ் கலந்த சாலட் எல்லாம் குழந்தைக்கு வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரி தோல் உரித்துத் தருகிற பழம் உத்தமம். அழகாக அடுக்கியிருக்கும் திராட்சையை நாலு வயது வரை முழுசாகத் தரக் கூடாது, தொண்டையை அடைத்துவிடும். நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். வேர்க்கடலையும் பாப்கார்னும் அப்படியே, அந்த வயதுக்கு ஆகாது.

வீட்டில் சமைத்ததைப் பொதுவாக ஏற்ற விடமாட்டார்கள். கெட்டில், இண்டக்ஷன் அடுப்புக்கும் தடை உண்டு. சீல் உடைக்காத குழந்தை உணவுக்கும் பால் பவுடருக்கும் பெரும்பாலும் அனுமதி தருகிறார்கள் என்றாலும், முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஒரு நல்ல ஃப்ளாஸ்க் இருந்தால் ராத்திரிப் பாலுக்கு வெந்நீர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து அவசியம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட், அரை டம்ளர் என்று கைமதிப்பு வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பேதியானால் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூனால் மெதுவாக ஆரம்பியுங்கள். 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு அட்டை டப்பாவில் வந்த இனிப்புப் பானங்கள் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாதவை அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், கண் உள்ளே போனால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், குழந்தை துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கப்பல் டாக்டரிடம் ஓடுங்கள்.

புதுவையில் இறங்கிய காலையிலும் அவள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தாள். சிறு படகு கப்பலைவிட அதிகமாக ஆடும் என்று தெரிந்து, ஒரு மணி நேரம் முன்பே பிள்ளைகளுக்குப் பாதி வயிற்றுக்கு இட்லி கொடுத்தாள். மீதியைக் கரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

கரையில் மாமியார் காத்திருந்தார். ஊருக்கு வந்த மற்றவர்கள் கடற்கரைச் சாலைக்கும் பாரதி பூங்காவுக்கும் போக, இவர்கள் ஆட்டோ பிடித்து நேராக வீட்டுக்கு வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ரசம் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். பாப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

"நாலு நாள் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கோம், அத்தை வீட்டுல உக்காந்து ரசம் சாதம் சாப்பிடுறோம்!" என்று கணவர் அலுத்துக்கொண்டாராம். அவர் தட்டில் மூன்றாவது தடவை சாதம் விழுந்ததை நானே பார்த்தேன்.