உங்களுக்குத் தெரியுமா? – ஊசி பிள்ளைக்கு, சிவராத்திரி அம்மாவுக்கு

● நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். அதுவேதான் உலக நீரிழிவு தினமும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பான்டிங் பிறந்த நாள் அது (1891). இரண்டு தினங்களும் ஒன்றாக வரும் வீடுகள் நம் நாட்டில் நிறையவே உண்டு. டைப் 1 சர்க்கரை நோயுள்ள சிறுவர் சிறுமியர் உலகிலேயே இந்தியாவில்தான் அதிகம் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் மதிப்பீடு.

● "கேட்டப்பல்லாம் சாக்லேட் வாங்கிக் கொடுத்தீங்க, அதான்!" பார்க்க வரும் உறவினர்கள் தவறாமல் சொல்லும் தீர்ப்பு இது. டைப் 1 வருவதற்கு இனிப்பு காரணமே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அடுத்த கேள்வி, "யார் வழியில வந்துச்சு?" இந்த நோயோடு வரும் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் டைப் 1 இருப்பதில்லை. அப்படியே பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும், அம்மாவைவிட அப்பாவுக்கு இருக்கும்போதுதான் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல், சுமார் இரு மடங்கு. மருமகளைக் குறுக்கு விசாரணை செய்யும் மாமியார்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

● ராத்திரி இரண்டு மணி. செல்போன் வெளிச்சத்தில், தூங்குகிற பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு குத்து. மீட்டரில் 64. எழுபதுக்குக் கீழே போனாலே 'லோ சுகர்'. எழுப்பி உட்காரவைத்து, டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஒரு குத்து. சாயங்காலம் ஓடியாடி விளையாடியதன் விளைவு பல மணி நேரம் கழித்து, இப்படி நடுராத்திரியில்கூட வரும். சுகர் இறங்கிவிடுமோ என்கிற இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே பெற்றோருக்குத் தனிக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. பயம் முற்றினால், ராத்திரி சுகர் கொஞ்சம் ஏறியே இருக்கட்டும் என்று சில பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. முறைவைத்து விழித்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். அப்பாக்களே, உங்களைத்தான்!

● சர்க்கரையை அளக்க, தோலில் ஒட்டும் சென்சார் வந்தபோது, அது காட்டும் அளவைப் பக்கத்தில் இருந்தால்தான் பார்க்க முடிந்தது. 2013-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பொறியாளர், தன் மகனின் அளவை எங்கிருந்தும் பார்க்கும்படி தானே நிரல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'நைட்ஸ்கவுட்' மென்பொருள். உலகம் முழுக்கப் பெற்றோர் இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். தூக்கம் திரும்பியதா என்றால், பாதிதான். இப்போது எழுப்புவது சென்சாரின் அலாரம்.

● வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் முரண்டு பிடிக்கும். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் மீட்டர் 280 காட்டலாம். "திருட்டுத்தனமா என்னத்தத் தின்னே?" என்று கத்தினால், அடுத்த வாரம் சுகர் அளவை எழுதும் நோட்டில் 120, 130 என்று அழகழகான எண்கள் வரும். மீட்டரின் நினைவகத்தில் வேறு எண்கள் இருக்கும்! மீட்டர் காட்டும் எண் பிள்ளையின் ரேங்க் கார்டு இல்லை. சண்டை மிகுந்த வீடுகளில் சர்க்கரைக் கட்டுப்பாடும் மோசமாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'பெரியவனாயிட்டான், அவனே பாத்துப்பான்' என்று 12 வயதில் எல்லாவற்றையும் ஒப்படைத்தாலும் அதே கதிதான். ஊசியை அவன் போடட்டும். பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

● டைப் 1 பிள்ளைகளுக்கென்று தனி கோடைக்கால முகாம் 1925-லேயே அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்தது. அப்போது இன்சுலின் புழக்கத்துக்கு வந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

● பொதுத்தேர்வு அறைக்குள் மிட்டாய், வாழைப்பழம், சாண்ட்விச், தண்ணீர் பாட்டில் கொண்டுபோக டைப் 1 மாணவர்களுக்கு சி.பி.எஸ்.இ. 2017-இல் அனுமதி தந்தது. டாக்டர் சான்றிதழ் வேண்டும். அதைக் கடைசி நேரத்தில் தேட வேண்டாம். ஜூன் மாதமே வகுப்பு டீச்சரோடு பி.டி. மாஸ்டரிடமும் வேன் டிரைவர் அண்ணனிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: கை நடுங்கி வியர்த்தால் உடனே குளுக்கோஸ். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரி.