இருதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் தோன்றும் கட்டிகள்

கட்டி என்றாலே புற்று என்று அஞ்சுவது நமது கிராம மக்களிடையே பெரும்பாலும் காணப்படும் வழக்கமாகும். அக்கட்டி இருதயத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டாலோ, வீட்டார் நம்பிக்கையை அறவே இழந்து விடுகின்றனர். ஆனால், குழந்தையின் நெற்றியில் ரத்தக் குழாய்க் கட்டி ஒன்று சிவப்பாகத் தோன்றினால், அதற்குச் சூடு போடவும் சிலர் தயங்குவதில்லை. முன்னதற்கு விரைவும் பின்னதற்குப் பொறுமையும் வேண்டியிருக்க, நாம் இரண்டையும் இடம் மாற்றிச் செய்து வருகிறோம்.

நான் மருத்துவன் அல்லன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியே இவ்விஷயத்தைக் கேட்டும் படித்தும் அறியும்படி என்னைத் தூண்டிற்று. எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் 45 வயதுள்ள அம்மையார் ஒருவர் நெடுநாளாக மூச்சுத் திணறலால் துன்பப்பட்டு வந்தார். குனிந்து நாற்று நட்டால் தலை சுற்றும். ஒரு பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு முட்டும். மறுபக்கம் திரும்பினால் அடங்கும். மாலையில் லேசான காய்ச்சல். உடலும் மெலிந்து கொண்டே வந்தது. காசநோய் இல்லை என்று சோதனையில் தெரிந்தபின், ஆஸ்துமா என்று சொல்லி ஈராண்டுகள் மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் ஏரிக்கரை வேலையைப் பார்வையிட நான் சென்றிருந்தபோது, மண்கூடையுடன் அவர் சாய்ந்து விழுந்தார். வலக்கை அசையவில்லை, பேச்சுக் குழறிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ பரிசோதனை செய்தார்கள். ஒலியலைகளைச் செலுத்தி இருதயத்தின் உட்புறத்தைத் திரையில் காட்டும் சோதனை அது. கத்தியும் இல்லை, வலியும் இல்லை. இருதயத்தின் இடது மேலறையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி ஊசலாடிக் கொண்டிருந்தது. அதன் பெயர் மிக்ஸோமா.

வளர்ந்தவர்களின் இருதயத்திலேயே தோன்றும் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இது புற்று அன்று. நுங்கைப் போலக் குழைவாக, ஒரு காம்பில் தொங்கும். நான்கில் மூன்று பங்கு இடது மேலறையில்தான் உண்டாகிறது. 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு, அவர்களுள்ளும் பெண்களுக்கு, அதிகமாக வருகிறது. ஏரி மதகின் கண்ணில் ஆகாயத் தாமரை வந்து அடைத்தால் நீரோட்டம் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள வால்வை இக்கட்டி அவ்வாறே அடைக்கிறது. உடலின் நிலை மாறினால் அடைப்பும் மாறும். அன்றியும், கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அந்த அம்மையாருக்கு நேர்ந்தது அதுவே.

சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தாம் தோன்றும். அந்நோய் நம் நாட்டில் இதைவிட மிகவும் சாதாரணமானது. ஆகவே, குழாய் வைத்துக் கேட்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிவது கடினம். மருத்துவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. ஆயினும் ஈராண்டுகளில் ஒரு முறையேனும் எக்கோ எடுத்திருந்தால் அவருடைய கை தப்பியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு.

இருதயக் கட்டிகள் எவ்வளவு அரியவை? இறந்தோர் உடல்களை அறுத்துப் பார்த்த கணக்குகளில், பத்து லட்சத்திற்கு ஏறக்குறைய 200 என்று ஒரு மதிப்பு உண்டு. அதற்கும் குறைவாகக் கூறுவோரும் உளர். லட்சம் பேர் வாழும் ஒன்றியத்திற்கு 20 பேர் என்று கொள்ளலாம். இவற்றுள் நான்கில் மூன்றுக்குக் குறையாதவை புற்று அல்ல. எஞ்சியவற்றுள் முதன்மையானது ஆஞ்சியோசார்கோமா என்ற கொடிய புற்று. பெரும்பாலும் வலது மேலறையில் தோன்றும்; கண்டுபிடிக்கும்போது பரவியிருப்பதால் பிழைப்பது அரிது. நுரையீரல், மார்பகம் முதலிய இடங்களில் தொடங்கிய புற்று இருதயத்திற்குப் பரவுவது, இருதயத்திலேயே பிறக்கும் கட்டிகளைவிட 20 மடங்குக்கும் மேல் அதிகம். குழந்தைகளுக்கு இருதயத் தசையில் உண்டாகும் ராப்டோமையோமா என்ற கட்டி, பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். ஆனால், அக்குழந்தைகளுள் பலருக்கு வலிப்பும் தோலில் வெளிறிய திட்டுகளும் உண்டாக்கும் பிறவி நோய் ஒன்று உடனிருப்பதால், மருத்துவரின் கண்காணிப்பு அவசியம்.

மிக்ஸோமாவுக்கு மருந்து கிடையாது. அறுத்து எடுப்பதே சிகிச்சை. 1954 ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு என்ற அறுவை நிபுணர் முதன்முதலாக இதனை வெற்றியுடன் அகற்றினார். இன்று இது நமது மாநிலத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடைபெறும் அறுவைதான். நூற்றில் ஓரிருவருக்கே மீண்டும் வளர்கிறது. சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு. அம்மையாரின் தம்பிக்கும் மகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்த்ததில் குறை ஏதும் இல்லை.

இனி ரத்தக் குழாய்க் கட்டிகளைப் பார்ப்போம். இங்கே கணக்கு முற்றிலும் மாறுகிறது. நூறு கைக்குழந்தைகளில் நான்கு அல்லது ஐந்து பேருக்கு ஹெமாஞ்சியோமா என்ற சிவந்த கட்டி உண்டாகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறை மாதத்தில் எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் அதிகம். பிறந்த சில வாரங்களில் தோன்றி, முதல் ஐந்து மாதங்களில் வேகமாகப் பெருக்கும். பெற்றோர் பயந்து போவது அப்பொழுதுதான். பிறகு வளர்ச்சி நின்று, சில ஆண்டுகளில் தானே வற்றிவிடும். கிரகணத்தின் மேல் பழி போடுவதும், சுண்ணாம்பு தடவுவதும், சூடு போடுவதும் வேண்டாம். கட்டி மறைந்தாலும் சூட்டுத் தழும்பு மறையாது. பிறந்தபோதே தட்டையாக இருந்து, வளராமலும் வற்றாமலும் நிற்கும் செந்திட்டு வேறு வகை.

பொறுமைக்கும் எல்லை உண்டு. கட்டி கண், மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் அருகில் இருந்தாலும், புண்ணானாலும், ஐந்துக்கு மேற்பட்டுத் தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருதயத்திற்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கப்படும் பிராப்ரனலால் என்ற மருந்து இக்கட்டியைச் சுருக்குகிறது என்பதை, 2008 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு போர்டோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டு வெளியிட்டனர். குழந்தையின் ரத்தச் சர்க்கரையையும் நாடித் துடிப்பையும் குறைக்கக் கூடியதாகையால், இதைக் கடையில் தாமே வாங்கிக் கொடுப்பது பேராபத்து.

வளர்ந்தவர்களின் கல்லீரலிலும் ஹெமாஞ்சியோமா உண்டு. வேறு காரணத்திற்காக வயிற்று ஸ்கேன் எடுத்த விவசாயி ஒருவர், அதில் இச்சொல்லைக் கண்டு நிலத்தை மகன்கள் பெயருக்கு எழுதி வைக்க முனைந்ததை நான் அறிவேன். அது சாதாரணமாகத் தீங்கற்றது. சிகிச்சைகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. கல்லீரலில் வரும் ஆஞ்சியோசார்கோமா வேறு, மிக அரிது. ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு ஆர்சனிக் கலந்த பூச்சிமருந்து தெளித்து வந்த உழவர்களிடையே அது காணப்பட்டது.

அம்மையாரின் அறுவை ஒன்பது நாள் தள்ளிப் போயிற்று. நோய் காரணமாக அன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அக்குடும்பத்தில் எடுக்கப்படவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் இருந்தால் பெறக் கூடிய அட்டை அது. பின்பு அவ்வூர்ப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்ததில், தகுதியிருந்தும் அட்டை இல்லாத குடும்பங்கள் 31 இருந்தன.