மின்தடையும் அடுக்களையும்

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குள் புகுந்தபோது மின்சாரம் நாள்கணக்கில் இல்லாதொழிந்தது. நீரேறாத மாடி வீடுகளிலும் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரியாயிற்று. திறவாத பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமே குளிர் காக்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும். அவ்வெல்லை கடந்தபின் பால், மீன், இறைச்சி, ஆணம், சோறு ஆகியவற்றை நீக்கிவிடல் வேண்டும். 'மணம் கெடவில்லை, கொதிக்க வைத்தால் போதும்' என்பார் பலர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நோய்தரும் நுண்ணுயிர்கள் மணத்தை மாற்றாமலும் பெருகும். ஆறிய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் ஒருவகை நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. உணவை எறிய நம் பெரியோர்க்கு மனம் ஒப்பாது. ஆயினும், சாலைகள் நீரில் மூழ்கிக்கிடந்த அந்நாள்களில் குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்கு சிறு நோயன்று. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் உப்புக்கண்டத்திற்குமோ மின்சாரம் என்றும் வேண்டியிருந்ததில்லை.