அன்றாட விசுவாசம் – 9: உலை வைக்குமுன் ஒரு பிடி

சென்ற வாரம் ஜெபத்தைப் பற்றிச் சிந்தித்தோம். ஜெபிக்கின்ற நாவுக்கும் கொடுக்கின்ற கைக்கும் உள்ள உறவை இவ்வாரம் ஆராய முற்படும்போது, பெரிய பிரசங்கங்களையும் வேதசாஸ்திர நூல்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் கிராமமாகிய உரும்பிராயின் சாதாரணமான ஒரு குசினிக்குள் வாசகர்களை அழைத்துச் செல்வதே தகும் என்று எனக்குத் தோன்றுகிறது. காணிக்கை என்பது ஆலயத்தில் தட்டு நீட்டப்படும் வேளையில் பிறப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது பிறக்கும் இடம் அடுப்பங்கரை.

உரும்பிராய், பலாலி வீதியும் கோப்பாயிலிருந்து மானிப்பாய்க்குச் செல்லும் வீதியும் சந்திக்கின்ற ஊர். கிழக்கே அதனை அடுத்துள்ள கோப்பாய், அங்கிலிக்கன் மிஷனரிமார் நெடுங்காலம் ஊழியம் செய்த இடம். மேற்கே உடுவிலும் மானிப்பாயும், 1816இல் இக்குடாநாட்டில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் பாடசாலையும் வைத்தியசாலையும் எழுப்பிய இடங்கள். இவ்விரு திசைகளிலும் திருச்சபைகள் தழைத்த இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வேரூன்றிய நல்வழக்கங்களுள் ஒன்று பிடியரிசி. அது நமக்கு மாத்திரம் உரியதென்று பெருமை பாராட்டுவதற்கில்லை. சைவப் பெருமக்களும் தங்கள் தர்மகாரியங்களைப் பிடியரிசியைக் கொண்டு தாங்கினார்கள். ஒரே கிணற்று நீரைப் பருகிய இரு சமயத்தாரும் ஈகைக்கு ஒரே அளவைக் கைக்கொண்டார்கள் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது.

அந்த வழக்கம் நடைபெறும் முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். வீட்டுக்காரி அன்றைய சமையலுக்கு வேண்டிய அரிசியைச் சுண்டினால் அளந்து சுளகில் கொட்டி, உமியும் குறுநொய்யும் போகப் புடைக்கிறாள். அரிக்கன்சட்டியில் இட்டுக் கல் அரிப்பதற்கு முன்னர், அந்தக் குவியலிலிருந்து வலக்கையால் ஒரு பிடி எடுத்து, அடுப்புக்கு அருகே மூடி வைத்திருக்கும் பேணிக்குள் இடுகிறாள். “பிள்ளை, முதல் பிடியை எடுத்துப் பேணிக்குள்ள போட்டிட்டு அரிசியைக் கழுவு” என்பது, சமையல் பழகும் மகளுக்குத் தாய் சொல்லிக் கொடுக்கும் முதற் பாடம். சனிக்கிழமை மாலையில் பேணியிலுள்ளது ஒரு சீலைப்பைக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வைத்திருக்கும் கடகத்தில் அந்தப் பை கொட்டப்படும். பல வீட்டு அரிசியும் ஒன்றாகக் கலந்த பின்னர், செல்வர் வீட்டுச் சம்பா எது, கூலிக்காரர் வீட்டுக் குத்தரிசி எது என்று பிரித்தறிய எவராலும் இயலாது.

இச்சிறு செய்கையில் பொதிந்துள்ள வேத சத்தியம் யாது? அரிசி சமைக்கப்படுவதற்கு முன்னர் எடுக்கப்படுகிறது என்பதே. உண்டு முடித்துக் கையலம்பிய பின்னர், பானையில் மிஞ்சியதைக் கொடுப்பதும் தர்மந்தான். ஆயினும் அது நம் பசியைத் தொடுவதில்லை. உலை வைக்குமுன் எடுத்த பிடியோ அன்றைய உணவில் மெய்யாகவே குறைகிறது. எலியா தீர்க்கதரிசி சாறிபாத் ஊரில் சந்தித்த விதவையின் பானையில் எஞ்சியிருந்தது ஒரு பிடி மா. அதைக்கொண்டு தனக்கும் மகனுக்கும் கடைசி உணவு சமைக்கவென்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அவளிடம், முதலில் தமக்கு ஓர் அடை செய்து தரும்படி அவர் கேட்டார். கேட்பதற்குக் கடினமான அந்த ‘முதலில்’ என்பதிலே அவளுடைய விசுவாசம் முழுவதும் சோதிக்கப்பட்டது. நாளைக்கு என்ன செய்வது என்ற பயத்தை இன்றைக்கு வென்றாலன்றி எந்தக் கையும் முதற்பிடியை எடுக்கத் துணியாது. ஆதலால் பிடியரிசியைத் தர்மம் என்று சொல்வதைவிட, தினந்தோறும் கையினால் செய்யும் விசுவாசப் பிரமாணம் என்று சொல்வதே பொருந்தும்.

இத்தகைய சிறு காணிக்கைகளால் ஆவது என்ன என்று கேட்பவர்களுக்கு இக்குடாநாட்டின் சரித்திரமே விடை பகரும். யாழ்ப்பாணத்துச் சுதேசக் கிறிஸ்தவர்கள் 1832இலேயே தமக்கென ஒரு சுவிசேஷ சங்கத்தை அமைத்து, தீவுப் பகுதிகளில் நடைபெற்ற ஊழியத்தைத் தாங்கினார்கள். 1900இல் இங்குள்ள மாணவர்கள் தமக்குள் ஒரு மிஷனரிச் சங்கம் கூட்டி, கடலுக்கு அப்பாலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அந்நிய தேசத்தாரின் உதவியில் வளர்ந்த திருச்சபை, வாங்குகின்ற நிலையிலிருந்து கொடுக்கின்ற நிலைக்கு உயர்ந்ததற்கு இவை சான்று. நாம் வாங்கிய உதவிக்கும் ஓர் உதாரணம் உண்டு: உரும்பிராய்க்கு அயலூராகிய இணுவிலில் 1898இல் தொடங்கிய மக்லியொட் வைத்தியசாலை, தூரதேசத்தில் முகமறியாத பலர் கொடுத்த நன்கொடையால் எழுந்தது. அங்கே தாய்மாரும் குழந்தைகளும் பராமரிக்கப்பட்டார்கள்.

கொடுத்தலின் ஒழுக்கம் குசினியோடு முடிந்துவிடுவதுமன்று. அது தோட்டத்துக்கும் செல்ல வேண்டும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இக்குடாநாட்டில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரவள்ளிக்கும் நீர் தருவது கிணறே. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஒரு பங்குக்கிணற்றுக்குப் பல உரிமைக்காரர் இருந்தனர். இன்னாருக்கு இன்ன நாளில் இறைப்பு முறை என்ற ஏற்பாட்டின்படியே பாத்திகளுக்கு நீர் பாய்ந்தது. இன்று மின்சார மோட்டார் வந்துவிட்டபடியால், எவ்வளவு நீரையும் விரைவில் இறைத்துவிடலாம். ஆனால் நிலத்தின் அடியிலுள்ள சுண்ணக்கல்லில் மழைநீர் தங்கும் அளவு பெருகிவிடவில்லை. அளவு கடந்து இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலேறும். ஆகையால் தன் முறை முடிந்தவுடன் மோட்டாரை நிறுத்துகிறவன், அயலானுக்குரியதை அயலானுக்கு விட்டுக்கொடுக்கிறான். பிறனை நேசி என்ற கற்பனை அவனுடைய தோட்டத்தில் நிறைவேறுகிறது. பேணியில் அரிசியை இட்டுவிட்டு அடுத்தவன் நீரை அபகரிக்கிறவனோ, ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்துக்கொள்கிறான்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, போரின் காரணமாக வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, உரும்பிராயின் குசினிகளும் வெறுமையாயின. பேணியில் அரிசி சேர்த்த கைகள், பாடசாலை மண்டபங்களிலும் ஆலய வளவுகளிலும் பிறர் அளந்து கொடுத்த அரிசியை வாங்குவதற்கு நீண்டன. கொடுத்துப் பழகியவர்களுக்கு வாங்குவது மிகுந்த வேதனையாக இருந்திருக்கும். ஆயினும், தாங்கள் இட்ட பிடியும் எவரையும் இழிவுபடுத்துவதற்காக இடப்பட்டதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே கொடுத்தலைக் கற்றவனுக்கே கூச்சமின்றி வாங்குதலும் கைவரும். தாழ்மை என்னும் சுகிர்தம் இரண்டுக்கும் பொதுவானது.

இந்நாளில் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினர் அனுப்பும் பெருந்தொகைகளால் ஆலயங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. அவர்களுடைய அன்பு போற்றுதற்குரியது. எனினும், அண்ணன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிவிட்டான் என்பதனால் ஊரிலிருக்கும் தம்பி தன் காணிக்கையைச் செலுத்திவிட்டதாக ஆகாது. கைப்பிடி அவரவருக்குச் சொந்தமானது. அரிசியை இடும் வழக்கம் உங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தால், வேறு எதையேனும் முதற்பிடியாக எடுத்து வையுங்கள்: சம்பளம் வந்த அன்றே, கடன்காரனுக்கும் கடைக்காரனுக்கும் முன்பாக ஒரு தொகையை, விடியற்காலையில், தொலைபேசியைத் தொடுமுன் வேதவாசிப்புக்குக் கால்மணி நேரத்தை, தோட்டத்து முதற் காய்களில், தனித்திருக்கும் அயல்வீட்டு ஆச்சிக்கு ஒரு பங்கை. தொகை சிறிதாயிருப்பது குற்றமன்று. கடைசியில் வைக்கப்படுவதே குற்றம். பிள்ளைகளையும் அருகே அழைத்து, அவர்கள் கையாலேயே எடுத்து வைக்கச் செய்யுங்கள். பத்து வயதில் கை பழகியதை எழுபது வயதிலும் மனம் மறவாது.

அடுத்த வாரம், வேலை செய்யும் மனிதனுக்கு ஓய்வுநாள் எவ்வாறு ஆசீர்வாதமாகிறது என்பதைச் சிந்திப்போம்.

(தொடரும்)