மீண்டும் தொடங்கும் கணக்கு

2019 செப்டம்பர் 7, அதிகாலை. பெங்களூரு பீனியாவிலுள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்தை மௌனம் சூழ்ந்தது. நிலவை நெருங்கிய விக்ரம் கலத்துடன் தொடர்பு அறுந்தது. உறங்காது விழித்திருந்த இந்நகரத்தாருள் நாமும் ஒருவர்.

அறிவியலாளர்கள் முதலில் பிழைகளைக் கணக்கெடுத்தனர். கலத்தின் கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் கூட்டப்பட்டது. 500 மீட்டர் சதுரமாயிருந்த இறங்குதளம், 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமுமாக விரிந்தது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருக்க, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 மெல்லத் தரையிறங்கியது.

நோயாலோ வேலையிழப்பாலோ ஒழுங்கு குலைந்தோருக்கும் இதுவே வழி. சேமிப்பு விட்டுப்போனதற்கு வெட்கி, கிளைக்கு வரத் தயங்குவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். ஈராண்டுகள் வரவு செலவு செய்யாவிடில் சேமிப்புக் கணக்கு செயல்படாததாகிறது. ஆயினும் இருப்பு அழிவதில்லை, வட்டியும் நிற்பதில்லை. அடையாள, முகவரிச் சான்றுகளைப் புதுப்பித்தால் கட்டணமின்றி அது உயிர்பெறும்.

மனிதரின் பழக்கமும் அத்தகையதே. விட்ட மாதங்களை ஒரே நாளில் ஈடுசெய்ய முனைய வேண்டா. சிறுதொகையுடன் தொடங்குவோம். குறித்த ஒரு தேதிக்குப் பதிலாக மாதத்தின் முதல் வாரம் முழுவதையும் நம் இறங்குதளமாகக் கொள்வோம்.